சூலூர்பேட்டை பாதையில் முதல் ரயில் படம்: எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது

ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்த ஸ்டேஷன் தடா, ஆந்திரா. அதற்கப்புறம் அக்கம்பேட்டை, சூலூர்பேட்டை. சென்னை – கூடூர் பாதையின் இந்தத் துண்டு, ரயிலைப் படம் பிடிக்கப் பழகுகிறவர்களுக்கு ரொம்பத் தோதான இடம். தரை மட்டமானது. பாதை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்கே மலை கிடையாது, பழவேற்காடு ஏரிதான். அதனால் காலை வெயில் சீக்கிரமே தண்டவாளத்துக்கு வந்துவிடும். சென்னையிலிருந்து சூலூர்பேட்டை வரை லோக்கல் ரயிலிலேயே வந்து இறங்கலாம். கையில் இருக்கும் போனே போதும்.

1. பிளாட்பாரத்தில் நில்லுங்கள்

டிக்கெட் கையில் இருக்கட்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் பிளாட்பாரம் டிக்கெட் எடுங்கள். அது 2 மணி நேரத்துக்குத்தான் செல்லும். நேராக ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், "சார், ரயிலைப் போட்டோ எடுக்க வந்திருக்கேன், மஞ்சள் கோட்டைத் தாண்ட மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம், அவ்வளவுதான். படத்தை விற்கப் போகிறீர்கள் என்றால் ரயில்வேயிடம் முறையாக அனுமதி வாங்க வேண்டும்.

தண்டவாளத்தில் இறங்காதீர்கள். 1989ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி, அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், இந்தப் பாதையில் வண்டிகள் 130 கி.மீ. வேகம் வரை போகின்றன. நிற்காத எக்ஸ்பிரஸ் கடக்கும்போது அதன் காற்றே ஆளை அசைத்துப் பார்க்கும். தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். செல்ஃபி ஸ்டிக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

2. வெயில் எந்தப் பக்கம்?

இதைத்தான் நான் ரொம்ப நாள் கழித்துக் கற்றுக்கொண்டேன். ஒரு ஜனவரி காலை முழுக்க மேற்குப் பக்கம் நின்று எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லா இன்ஜினும் கரிக்கட்டை, பின்னால் வெள்ளை வானம். வெயில் முழுவதும் வண்டியின் அந்தப் பக்கம் விழுந்திருந்தது.

காலையில் கிழக்கே நில்லுங்கள், மாலையில் மேற்கே. அடிப்படை இதுதான். ஆனால் இன்னும் ஒரு படி போக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் எழும். அப்போது தெற்கே முகம் காட்டி வரும் வண்டிக்கு, அதாவது சென்னை போகிற வண்டிக்கு, முகத்திலும் வெயில் விழும், பக்கவாட்டிலும் விழும். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கத் தண்டவாளத்தில் ஓடுவதால், அது வழக்கமாக உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கிழக்குத் தண்டவாளத்தில்தான் வரும். வடக்கே பார்த்து நில்லுங்கள். வெயில் வலது தோளுக்குப் பின்னால் சுட வேண்டும். அப்படிச் சுட்டால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

ஜூனில் இது தலைகீழ். சூரியன் வடகிழக்கில் எழுவதால் காலையில் கூடூர் பக்கம் போகிற வண்டிக்குத்தான் முகத்தில் வெயில் விழும். அது தள்ளியிருக்கும் மேற்குத் தண்டவாளத்தில் வரும். இடையில் இன்னொரு வண்டி வந்து மறைத்தால் மறைத்ததுதான்.

மதியம் எடுக்க வேண்டாம். கூரையின் நிழல் விழுந்து சக்கரங்கள் இருக்கும் கீழ்ப்பகுதி ஒன்றுமே தெரியாது.

3. போனைத் தயார் செய்யுங்கள்

130 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 36 மீட்டர். ஷட்டர் வேகத்தை 1/250 நொடியில் வைத்தால், அது திறந்து மூடுவதற்குள் வண்டி 14 செ.மீ. நகர்ந்துவிடும், இன்ஜின் நம்பர் கலங்கிப் போகும். 1/1000 என்றால் 3.6 செ.மீ.தான். வண்டி தூரத்தில் சாய்வாக வரும்போதே எடுத்தால் அந்த அசைவும் படத்தில் தெரியாது. போனில் 'ப்ரோ' மோட் இருந்தால் 1/1000 வையுங்கள்.

வண்டி வரப்போகும் இடத்தில் திரையை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். இல்லையென்றால் ஹெட்லைட் முகத்தையே விழுங்கிவிடும். ஜூம் வேண்டாம்.

4. காத்திருங்கள்

எக்ஸ்பிரஸ் எங்கே வருகிறது என்று 'வேர் இஸ் மை டிரெயின்' ஆப் சொல்லும். கூட்ஸ் வண்டி அதில் வராது, அதற்கு சிக்னலைத்தான் பார்க்க வேண்டும்.

நேர்ப்பாதை என்பதால் ஹெட்லைட் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். கானலில் நடுங்கிக்கொண்டு, அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது போலவே இருக்கும். இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைப்பீர்கள். திடீரென்று பெரிதாகும். அதனால் கம்பம், பெயர்ப்பலகை, வானம் எல்லாம் படத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதை வண்டி வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். முகம் நீங்கள் குறித்து வைத்த கம்பத்தைத் தொடும்போது பர்ஸ்ட் மோடில், அதாவது தொடர்ந்து பல படங்கள் விழும்படி, அழுத்துங்கள்.

எடுத்தவுடன் போனை இறக்கிவிடாதீர்கள். இன்ஜினின் பக்கவாட்டில் ராயபுரம், லாலாகுடா, விஜயவாடா என்று அதன் ஷெட் பெயர், அதாவது அதைப் பராமரிக்கிற இடத்தின் பெயர், இருக்கும். கடைசிப் பெட்டியில் பெரிய எக்ஸ் குறியும் 'எல்வி' (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசிப் பெட்டி) பலகையும் இருக்கும். வண்டி முழுசாகப் போய்விட்டது என்பதற்கு அடையாளம்.

5. எழுதி வையுங்கள்

வண்டி, இன்ஜின் எண், ஷெட், மணி, எந்தப் பக்கம் நின்றீர்கள், வெயில் எங்கே விழுந்தது. ஒரு சின்ன நோட்டு போதும். லோக்கலில் திரும்பும்போது எளாவூர் வருவதற்குள் எழுதி முடித்துவிடலாம்.