திஹ்யாவின் வரலாற்றை வாசிப்பது எப்படி?

வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்களிடையே (அவர்கள் தங்களை அமாசிக் என்றே அழைத்துக்கொள்கிறார்கள்) படை நடத்திய பெண்களைப் பற்றி வாசிக்கத் தொடங்குபவர், முதலில் பெயரில் நின்று நிதானிக்க வேண்டும். 7ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய அல்ஜீரியாவின் ஓரெஸ் மலைப்பகுதியில் ஜராவா குலத்துக்குத் தலைமையேற்ற திஹ்யா, பெரும்பாலான நூல்களில் ‘காஹினா’ என்றே வருகிறார். குறிசொல்பவள் என்று பொருள்படும் அந்தப் பெயர், அவரோடு போரிட்ட அரபுகள் சூட்டியது.

அடுத்து, எழுதியவரின் காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திஹ்யாவைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர்களுள் இப்னு அப்துல் ஹகம் 9ஆம் நூற்றாண்டினர். இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டினர். திஹ்யா 127 ஆண்டுகள் வாழ்ந்ததாகச் சொல்பவர் பின்னவரே. இவ்வளவு இடைவெளிக்குப் பின்னும் பொதுவாக ஒத்துப்போகும் செய்திகளைத் தனியே எடுத்து வையுங்கள்: அரபுத் தளபதி ஹஸ்ஸான் இப்னு நுஃமானைத் திஹ்யா தோற்கடித்தார், ஹஸ்ஸான் கிழக்கே பின்வாங்கிச் சில ஆண்டுகள் கழித்துப் புதிய படையோடு திரும்பினார், அந்தப் போரில் திஹ்யா மாண்டார்.

அலங்காரமான கதைகளைத் தள்ளிவிட வேண்டாம். அவற்றை வேறு கேள்வியோடு அணுகினால் போதும். சிறைப்பிடித்த காலித் என்ற அரபு இளைஞனைத் திஹ்யா விடுவித்து, எண்ணெயில் பிசைந்த வாற்கோதுமை மாவைத் தம் மார்பின் மேல் வைத்து, தம் இரு மகன்களோடு சேர்த்து அவனுக்கும் உண்ணக் கொடுத்தார் என்றொரு கதை உண்டு. அது நடந்ததா என்பதைவிட, பால் குடிக்காத ஒருவனையும் பால்வழி உறவாக்கிக்கொள்ளும் வழக்கத்தை அது காட்டுகிறது என்பதே நமக்குப் பயன்படும். ஆனால், எதிரிக்கு எதுவும் எஞ்சக்கூடாதென்று திரிப்போலி (இன்றைய லிபியா) முதல் தாஞ்சியர் (இன்றைய மொராக்கோ) வரை மரங்களை வெட்டி ஊர்களை அழித்தார் என்ற செய்தியை நான் எளிதில் நம்பமாட்டேன்: அத்தனை தொலைவு அவருடைய ஆட்சியில் இருந்ததில்லை, மேலும் பாழான நிலத்துக்குப் பழி ஏற்க ஓர் ஆள் வென்றவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கும்.

இதே முறையை அல்ஜீரியாவின் வடக்கே, ஜுர்ஜுரா மலைகள் உள்ள கபிலியா பகுதியின் லல்லா பாத்மா ந்சூமரிடமும் பயன்படுத்தலாம். 1854இல் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்று, 1857 ஜூலையில் பிடிபட்டு, 1863இல் காவலிலேயே இறந்தவர் அவர். இங்கே ஆண்டுகள் உறுதியானவை. பெயரில்தான் மறுபடியும் நிதானம் வேண்டும். ‘ஜுர்ஜுராவின் ஜோன் ஆஃப் ஆர்க்’ என்று அவரை அழைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.