பண்டிகைக்குப் பின் சாப்பாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவரும் முறை

தீபாவளிக்கு மறுவாரமும் வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, இராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளில் பலகாரத் தூக்குகள் காலியாவதில்லை. வீட்டில் சுட்ட முறுக்கும் அதிரசமும், சௌகார்பேட்டையில் வாங்கிவந்த நெய் இனிப்புகளும், பக்கத்து வீட்டார் தட்டில் வைத்து மூடிக் கொடுத்தனுப்பியவையும் சேர்ந்து, ஒரு நாள் பண்டிகைக்குப் பத்து நாள் சாப்பாட்டைச் சேர்த்துவிடுகின்றன. வயிறு மந்தமாகி, நெஞ்சு எரிந்து, இரவுத் தூக்கமும் கெட்ட பிறகு உடம்பைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்புதான். ஆனால் பலரும் சுத்தம் செய்யக் கிளம்பும் இடம் குடல். உண்மையில் ஒழுங்கு தேவைப்படும் இடங்களோ சமையலறை அலமாரியும் சாப்பாட்டு வேளையும்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. மதுவையும் மருந்தையும் பிற வேண்டாத பொருள்களையும் கல்லீரல் மாற்றி வெளியேற்றுகிறது. குடலின் உட்சுவர் சில நாள்களுக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்கிறது. இந்த வேலைகளை விரைவுபடுத்தும் ஜூஸோ பொடியோ எதுவும் கிடையாது. பண்டிகை முடிந்ததும் எடைபார்க்கும் கருவி காட்டும் கூடுதல் எடையைப் பார்த்தும் மிரள வேண்டியதில்லை. மாவுப்பொருள் உடலில் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் உடன் தங்குகிறது, முறுக்கும் மிக்சரும் கொண்டுவந்த உப்பு இன்னும் கொஞ்சம் நீரைப் பிடித்துவைக்கிறது. ஆகவே அந்தக் கூடுதலில் பெரும்பகுதி தண்ணீரே. மூன்று நாள் ஜூஸ் மட்டும் குடித்தவர்களுக்கு எடை மளமளவென்று இறங்குவதும், சோறு சாப்பிட்டவுடன் திரும்ப ஏறுவதும் இதனால்தான்.

முதலில், செய்யக்கூடாதவை. விளக்கெண்ணெயையோ நிலாவாரையையோ குடித்துப் பேதியாக்கிக்கொள்ளும் பழைய வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பேதியில் போவது தண்ணீரும் உப்புகளுமே தவிர, உடலில் சேர்ந்த கொழுப்பு அன்று. முதியவர்களுக்கு அதனால் மயக்கமும் பொட்டாசியக் குறைவும் வரக்கூடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், மருந்தை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் விட்டுவிட்டால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழைத்தண்டுச் சாற்றையும் இளநீரையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது, ஏனெனில் அவற்றில் பொட்டாசியம் மிகுதி. பசலைக்கீரையைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் பெரிய டம்ளரில் குடிப்பதும் நல்லதன்று. அதிலுள்ள ஆக்ஸலேட் சிறுநீரகத்தில் படியக்கூடியது.

இனி வேலை. ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, பலகாரங்கள் அனைத்தையும் வெளியே எடுத்து வையுங்கள். பால் சேர்த்த இனிப்புகள் இரண்டொரு நாளுக்கு மேல் நிற்காது; நாள் கடந்தவற்றைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். அதிரசம், முறுக்கு போன்றவற்றில் வீட்டில் உள்ளவர்களுக்குத் தலைக்கு இரண்டு நாள் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றைப் பண்டிகை கொண்டாட வாய்ப்பில்லாதவர்களுக்கு நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். வைத்துக்கொண்டதையும் கண்ணாடிப் பாட்டிலில் தொலைக்காட்சிப் பெட்டிக்கருகே வைக்காமல், எவர்சில்வர் தூக்கில் போட்டு மேல் பரணுக்கு ஏற்றுங்கள். எட்டாத உயரம் மன உறுதியைவிட நம்பகமானது என்பது என் கருத்து. பிறகு, பலகாரம் சுட்ட எண்ணெய். நுரை கட்டி, நிறம் கறுத்து, காறல் வாடை வந்திருந்தால் அதை விட்டுவிட வேண்டும். தெளிவாக இருந்தால் வடிகட்டி, ஒரு சில நாள்களுக்குள் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்க்கலாம். அதே எண்ணெயில் மறுபடி வடை சுடுவதும் அப்பளம் பொரிப்பதும் வேண்டாம். கொட்டுவதாக இருந்தால் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். மழைக்காலத்தில் ஏற்கெனவே திணறும் கழிவுநீர்க் குழாய்க்கு அது இன்னொரு அடைப்பு.

முதல் இரண்டு மூன்று நாள்களுக்குப் பட்டினி தேவையில்லை, எளிய சாப்பாடு போதும். காலையில் இட்லி அல்லது கேழ்வரகுக் கூழ், மதியம் மிளகு ரசச் சோறும் ஒரு காயும், இரவில் கஞ்சியோ இரண்டு இட்லியோ என்று வைத்துக்கொண்டால் வயிறு தானாகவே இலகுவாகும். முதல்நாள் சோற்றில் நீரூற்றி வைத்த பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் காலை வேளைக்குப் பொருத்தமானவை. பழைய சோற்றின் மருத்துவப் பயனை நம் பகுதியின் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. சோறு நன்றாக ஆறிய பின், சுத்தமான பாத்திரத்தில், காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி வைப்பது நலம். தீபாவளி லேகியத்தைப் பொறுத்தவரை சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் சேர்ந்தது என்பதால் வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் வெல்லமும் நெய்யும் தாராளமாக இருப்பதால், சிறு நெல்லிக்காய் அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டால் அதுவும் ஒரு பலகாரமாகிவிடும்.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதற்கு இணையாக எப்போது சாப்பிடுகிறோம் என்பதும் பண்டிகை நாள்களில் கலைந்துபோகிறது. இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வரத்தான் செய்யும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, படுப்பதற்கு முன் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். துறைமுகத்திலோ ஆலையிலோ இரவுப் பணி பார்ப்பவர்களால் எட்டு மணிக் கணக்கைக் கடைப்பிடிக்க முடியாது. அவர்கள் பணிக்குப் போகுமுன் முழுச்சாப்பாட்டையும், நடு இரவில் சுண்டலோ வாழைப்பழமோ போன்ற சிறிய ஆகாரத்தையும் வைத்துக்கொள்ளலாம். வேளைக்கு வேளை இடையில் கைக்கு அகப்பட்டதைக் கொறிப்பதை நிறுத்துவதுதான் இந்த வாரத்தின் முக்கியமான ஒழுங்கு.

மூன்றாம் நாளுக்குப் பிறகு தட்டின் அளவுகளை மாற்றுங்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும், சமைக்காத எடையில் 250 கிராம் தானியமும் 85 கிராம் பருப்பு வகையும் என்று கணக்கிட்டுக் காட்டுகிறது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் காய் என்ற நம் வழக்கத்தோடு ஒப்பிட்டால் 400 கிராம் மிக அதிகம். ஆகவே ஒரே நாளில் அந்த அளவுக்குத் தாவாதீர்கள். நார்ச்சத்து திடீரென்று கூடினால் வயிறு பொருமும். முதலில் மதியம் ஒரு கூட்டையும் ஒரு கீரையையும் சேர்த்து, சோற்றில் ஒரு கரண்டியைக் குறைப்பது எளிது. அசைவம் சாப்பிடும் வீடுகளுக்குக் காசிமேடு பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. நெத்திலி, சங்கரா, கானாங்கெளுத்தி எதுவானாலும் வறுவலாக இல்லாமல் தேங்காய் குறைத்த குழம்பாக வைத்தால், புரதமும் கிடைக்கும், எண்ணெயும் குறையும். கருவாட்டை மட்டும் இந்த வாரம் தள்ளிவையுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு நாளைக்கு 5 கிராமுக்குள்தான். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் அந்த வரம்பு எளிதில் உடைந்துவிடும்.

டீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பலகாரத்தை நிறுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள்கூட, தெருமுனைக் கடையில் நாளைக்கு நான்கு டீ குடித்தால், டீக்கு இரண்டு தேக்கரண்டி என்ற கணக்கில் முப்பது கிராமுக்கும் மேல் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதல் வாரம் 'சக்கரை கம்மி' என்று சொல்லிப் பழகுங்கள், அடுத்த வாரம் ஒரு வேளை டீயைக் குறையுங்கள். பண்டிகையில் மது அருந்தியவர்கள் இரண்டு மூன்று வாரங்களுக்கு அதை முற்றாக நிறுத்துவது கல்லீரலுக்கு எந்த ஜூஸையும்விடப் பயன் தரும்.

தீபாவளியைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழை வலுப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தெருவில் தேங்கும் நீர் குடிநீரோடு கலக்கும் வாய்ப்புள்ள வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற தாழ்வான பகுதிகளில், கொதிக்கவைத்து ஆறிய நீரை மட்டும் குடிப்பது உடம்பைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் எந்த முறையையும்விட முக்கியம். வண்டிக்கடைப் பழச்சாற்றையும், நறுக்கிவைத்த பழத்தையும் தவிருங்கள். பர்மா பஜார் பக்கத்தில் விற்கும் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸில் பச்சை முட்டைக்கோசும் வெங்காயமும் பேஜோ என்னும் பொரித்த நொறுக்கும் சேரும் என்பதால், சுவையில் குறை சொல்ல முடியாவிட்டாலும், இந்த வாரத்துக்கு அது ஏற்றதன்று.

தீபாவளியை ஒட்டியே கந்த சஷ்டி தொடங்கிவிடுகிறது. கந்தகோட்டம் முருகன் கோயிலில் கூட்டம் நிரம்பும் அந்த ஆறு நாள்களும் பல வீடுகளில் அசைவம் கிடையாது. விரதம் பக்திக்குரியது, உடல் இளைக்கும் உபாயமாக அதைக் கருத வேண்டியதில்லை. எனினும் வீடு முழுவதும் எளிய சமையலுக்கு இசைந்திருக்கும் அந்த வாரம் மேலே சொன்ன மாற்றங்களைத் தொடங்க மிகவும் வசதியானது. விரதம் முடிந்த அன்றே பிரியாணிக்கு ஓடினால் மட்டும் பயன் கெட்டுவிடும்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது உணவுக்குப் பின் ஏறும் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். மழை இல்லாவிட்டால் ராபின்சன் பூங்காவிலும், மழையானால் மாடி வராந்தாவிலும் நடக்கலாம்.

சில தொந்தரவுகளை அஜீரணம் என்று ஒதுக்கக்கூடாது. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் வலது மேல்வயிற்றில் தொடரும் வலி, முதுகுவரை பாயும் மேல்வயிற்று வலி, நிற்காத வாந்தி, தார்போல் கறுத்த மலம், காய்ச்சலோடு கூடிய பேதி ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால், அது 'கேஸ்' என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குத் தடையில்லை. அரைத் தட்டு பிரியாணி, அதே அளவு தயிர்ப் பச்சடியும் வெள்ளரிக்காயும், குளிர்பானத்துக்குப் பதில் மோர், அன்றிரவு ரசமோ கஞ்சியோ என்று வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் வழக்கமான வேளைக்கு வழக்கமான இட்லியைச் சாப்பிடுங்கள்.