பாங்காக்கைப் படகிலும் நடையிலும் சுற்றிப் பார்ப்பது எப்படி?

பாங்காக் செல்லும் நம்மவர்களில் பலர் பிரதூநாம் துணிக்கடைகளுக்கு அருகில் அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து அரண்மனைக்கு டாக்சியில் கிளம்பி, பாதிப் பொழுதைச் சாலை நெரிசலில் கழிக்கிறார்கள். அந்தக் கடைகளை ஒட்டியே சேன்சேப் கால்வாய் ஓடுகிறது. மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், 1837இல், கம்போடியப் பக்கம் படைகளையும் தளவாடங்களையும் அனுப்புவதற்காக வெட்டத் தொடங்கிய இக்கால்வாயில் இன்று அலுவலகம் செல்வோருக்கான விரைவுப் படகுகள் ஓடுகின்றன. பழைய நகருக்குச் செல்ல, பிரதூநாம் துறையில் மேற்கு நோக்கிப் புறப்படும் பான்ஃபா படகில் ஏற வேண்டும். கிழக்கிலிருந்து வருபவர்களும் இந்தத் துறையில்தான் படகு மாற வேண்டும்.

ஏறுவதில்தான் சற்றுக் கவனம் தேவை. படகு துறையை உரசி நிற்பது சில நொடிகளே என்பதால், மேலே கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தயங்காமல் காலை உள்ளே வைத்துவிட வேண்டும். பெரிய பெட்டியோடும் குழந்தை வண்டியோடும் இதில் ஏறாமல் இருப்பதே நல்லது. ஓரத்தில் இடம் கிடைத்தால் ஒரு பொறுப்பும் சேர்ந்தே வரும்: எதிரே இன்னொரு படகு வரும்போது பக்கவாட்டுப் பிளாஸ்டிக் திரையைக் கயிற்றால் இழுத்து உயர்த்த வேண்டும், இல்லையென்றால் அந்தக் கறுத்த நீர் வரிசை முழுவதையும் நனைத்துவிடும். தலைக்கவசம் அணிந்த நடத்துனர் படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வந்து கட்டணம் வாங்குவார். இறங்கும் துறையின் பெயரைச் சொல்லி, சில்லறையாகக் கொடுங்கள்.

பான்ஃபா கடைசித் துறை. பாலத்தைக் கடந்தால் வாட் சகேத் கோயிலின் பொன்மலை. முந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள் இருந்தாலும் சுற்றிச் சுற்றி ஏறுவதால் மூச்சு வாங்காது. பிறகு ராஜதம்னோன் சாலையில் 1932 புரட்சியின் நினைவாக எழுப்பப்பட்ட ஜனநாயக நினைவுச் சின்னத்தைத் தாண்டி, காவ் சான் தெரு வழியாக நடந்தால் ஆற்றங்கரையில் பிரா ஆதித் துறை வந்துவிடும். நிழல் குறைந்த சாலை அது என்பதால், வெயில் ஏறுவதற்குள் நடந்துவிடுங்கள்.

சாவ் பிரயா ஆற்றில் படகுகளைக் கொடியின் நிறத்தால் அடையாளம் காண்கிறார்கள். ஆரஞ்சுக் கொடிப் படகில் எவ்வளவு தூரம் சென்றாலும் ஒரே கட்டணம். நமக்கு அதுவே போதும். நீலக் கொடி சுற்றுலாப் பயணிகளுக்கானது, கட்டணமும் கூடுதல். துறையில் அதன் சீட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள் என்பதால், ஆரஞ்சு என்று கேட்டு வாங்குங்கள். அரண்மனைக்குத் தா சாங்கில் இறங்க வேண்டும். அங்கே தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். அரண்மனையிலிருந்து 46 மீட்டர் நீளச் சயன புத்தர் இருக்கும் வாட் போ கோயிலுக்கு நடந்தே போகலாம். அருகிலுள்ள தா தியன் துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள வாட் அருண் கோயிலுக்குச் சில பாட் (தாய்லாந்து நாணயம்) கொடுத்தால் படகில் கொண்டுபோய் விடுகிறார்கள். துணி வாங்க வேண்டுமானால், சபான் புத் துறையில் இறங்கி, பூச்சந்தை வழியாகப் பஹுரத் கடைவீதிக்கு நடக்கலாம்.

ஆற்றுப் பயணத்தை சாத்தோன் துறையில் முடித்துக்கொள்வது வசதி. துறையை ஒட்டியே மேம்பால ரயில் நிலையம் இருக்கிறது. நடக்கத் தெம்பிருந்தால், அங்கிருந்து சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும் போய் வரலாம். கால்வாய்ப் படகுகளும் ஆற்றுப் படகுகளும் இருட்டிய பின் நெடுநேரம் ஓடுவதில்லை, வார இறுதியில் சேவையும் குறைவு. ஆகவே கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.