மூட்டு ஊசிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பிரிவில் சேரும் இளம் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் முதல் வேலையாக ஓர் அட்டவணை போடுகிறார்கள்: மூட்டுத் தேய்மானத்துக்கு ஸ்டீராய்டா (அழற்சியைத் தணிக்கும் மருந்து), ஜெல் ஊசியா (மூட்டுக்கு வழவழப்புத் தரும் ஹயலூரோனிக் அமிலம்), பிஆர்பியா (நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுச் செறிவு)? நாங்களும் ஒரு காலத்தில் போட்ட அட்டவணைதான். ஒவ்வாமை உண்டா என்று கேட்பது போன்றவற்றை அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு வருகிறேன்.

ஊசிக்கு முன்னும் பின்னும்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து வரும் டாக்சி ஓட்டுநர் ஒருவர் சொந்தப் பணத்தில் பிஆர்பி போட்டுக்கொண்டார். பத்துப் புள்ளி அளவில் முழங்கால் வலி 7இலிருந்து 5க்கு இறங்கியது. உடனே தம்பியையும் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவர் நோயாளி, அப்படித்தான் நினைப்பார். படித்துவிட்டு வந்தவர் அதையே “பலன் உறுதி” என்று குறிப்பேட்டில் எழுதும்போதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

தேய்மான வலி ஏறி இறங்கும். மேம்பாலப் படி ஏற முடியாத வாரத்தில்தான் யாரும் ஊசிக்கு நாள் கேட்பார்கள்; உச்சத்தில் இருந்த வலி அதன்பின் தானாகவே சற்றுத் தணியும். ஊசி போட்டுக்கொண்டோம் என்ற நம்பிக்கைக்கும் அதில் பங்குண்டு. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினரின் முழங்காலில் பிஆர்பியும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். ஓராண்டில் வலி முறையே 2.1, 1.8 புள்ளிகள் குறைந்தது. குருத்தெலும்புத் தேய்விலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஓட்டுநர் காசு கொடுத்து வாங்கிய இரண்டு புள்ளிகளில் பெரும்பகுதியை உப்புநீரே தந்திருக்கும். ஆகவே அட்டவணையில் “ஊசிக்கு முன்” என்ற கட்டத்தை அடித்துவிட்டு “உப்புநீர்” என்று எழுதுங்கள்.

காலத்தைக் கலப்பது

ஸ்டீராய்டின் நிம்மதி சில வாரங்களுக்குத்தான். ஆறாம் மாதத்தில் அளந்துவிட்டு அது தோற்றது என்பது நியாயமில்லை. அதற்காக அடிக்கடி போடலாம் என்றும் ஆகாது: மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2017இல் வெளிவந்தது. உப்புநீரைவிட வலி குறையவில்லை; குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது.

முழங்காலின் முடிவை இடுப்புக்குச் சொல்வது

இடுப்பு மூட்டு ஆழத்தில் இருக்கிறது. ஸ்கேன் வழிகாட்டாமல் அங்கே ஊசி போடக் கூடாது. அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல், ஜெல் ஊசியை முழங்காலுக்கு நிபந்தனையோடும் இடுப்புக்கு உறுதியாகவும் வேண்டாம் என்கிறது.

நீரிழிவு

ஸ்டீராய்டுக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். நீரிழிவு உள்ள நம்மவர்களிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்றா?

முந்தைய மூன்று மாதங்களில் ஊசி வேண்டாம். தொற்று அபாயம் கூடும்.