பெற்றோர் வீட்டுக்கு டிஜிட்டல் போட்டோ ஃபிரேம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை அங்குலம் என்பதைத்தான். அதற்கும் முன்பாக, அது எந்த வீட்டில், எந்த இடத்தில், யார் பார்ப்பதற்காக இருக்கப்போகிறது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். நம் வீட்டு ஹாலில் வைப்பதென்றால் சிறு கோளாறுகளை நாமே சரிசெய்துகொள்ளலாம். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்குக் கொடுப்பதென்றால், அவர்கள் எந்தப் பொத்தானையும் தொடாமலே ஓடக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

அளவைவிடத் திரையின் வடிவமே முக்கியம். கைப்பேசிகள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் படம் எடுக்கின்றன. விலை குறைந்த ஃபிரேம்கள் பலவற்றின் திரையோ 16:9 அல்லது 16:10 என்று அகன்றிருக்கும். படம் திரையை நிரப்பும்படி அமைத்தால், 16:9 திரையில் கிடைவாக்கில் எடுத்த படத்திலேயே கால் பங்கு வெட்டுப்படும். குத்துவாக்கில் எடுத்த படத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். அம்மாவுக்கு நான் முதலில் வாங்கிக்கொடுத்த ஃபிரேமில் இப்படித்தான் நடந்தது. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படம் வரும்போதெல்லாம் இருவர் முகத்திலும் நீர் வழிவது தெரியும். கலசத்தைச் சாய்த்துப் பிடித்திருந்த அக்காவின் கைகள் திரைக்கு வெளியே போயிருக்கும். அந்தக் கைகளைத்தான் அம்மா ஒவ்வொரு முறையும் தேடினார். ஆகவே 4:3 திரை கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், படம் முழுவதையும் வெட்டாமல் காட்டும் அமைப்பு இருக்கிறதா என்று கேட்டு, கடையிலேயே உங்கள் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

பிக்சல் கணக்கில் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 10 அங்குலத் திரைக்கு 1280×800 போதும். 1920×1200 என்றால் முகங்கள் இன்னும் துல்லியமாக இருக்கும். ஆனால் ஐபிஎஸ் வகைத் திரையா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஃபிரேமுக்கு நேர் எதிரே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. சோபாவிலிருந்தும் அடுப்படி வாசலிலிருந்தும் பக்கவாட்டில்தான் பார்ப்பார்கள். ஐபிஎஸ் அல்லாத மலிவான திரைகளில் அப்படிப் பார்க்கும்போது நிறம் மங்கிவிடும்.

அடுத்தது, படங்கள் ஃபிரேமுக்குள் வந்து சேரும் வழி. வீட்டில் இணையம் இல்லையென்றால் மெமரி கார்டு அல்லது பென் டிரைவ் போடும் வகையே ஏற்றது. அவற்றில் பழைய மாடல்கள் சில 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிப்பதில்லை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் வழக்கமாக எடுக்கும் ஹெச்இஐசி வகைப் படங்களும் பல ஃபிரேம்களில் திறப்பதில்லை. அவற்றை ஜேபெக்காக மாற்றித்தான் கார்டில் ஏற்ற வேண்டும்.

வைஃபை ஃபிரேமின் சிறப்பு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் செயலி வழியே படம் அனுப்பலாம் என்பது. ஆனால் பல ஃபிரேம்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும்; வீட்டு ரூட்டரில் அந்த அலைவரிசை இயங்குகிறதா என்று பாருங்கள். படங்கள் ஃபிரேமின் உள்ளேயே சேமிக்கப்படுகின்றனவா, நிறுவனத்தின் சர்வரில் மட்டும் இருக்கின்றனவா என்பதையும், மாதச் சந்தா உண்டா என்பதையும் விசாரியுங்கள். சர்வரை மட்டும் நம்பியிருக்கும் ஃபிரேம், அந்தச் சேவை நின்ற நாளில் வெறும் கண்ணாடிதான். கூகுள் ஃபோட்டோஸ் ஆல்பத்தைத் தானாகவே காட்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், அது இப்போதும் இயங்குகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிச் செயலிகளுக்குத் தந்திருந்த அனுமதிகளை கூகுள் 2025 மார்ச் 31 முதல் வெகுவாகக் குறைத்துவிட்டது.

பெரும்பாலான ஃபிரேம்களில் பேட்டரி இருக்காது என்பதால், வைக்கும் இடத்துக்கு அருகில் பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும். கரண்ட் போய் வந்த பிறகு தானாகவே படங்களைக் காட்டத் தொடங்குகிறதா என்பதைக் கடையில் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் போட்டே சோதியுங்கள். மின்செலவு சொற்பம்: 10 வாட் ஃபிரேம் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 3.6 யூனிட். இரவில் தானே அணையும் வசதி இருந்தால் நல்லது.

பரிசாகக் கொடுப்பதென்றால் பெட்டியைப் பிரிக்காமல் கொடுக்காதீர்கள். நூறு படங்களையாவது ஏற்றி, தேதியும் நேரமும் சரிசெய்துவிட்டுக் கொடுங்கள். பெற்றோர் வீட்டு ரூட்டரின் பெயரும் பாஸ்வேர்டும் தெரிந்திருந்தால், அதே பெயரையும் பாஸ்வேர்டையும் உங்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்து ஃபிரேமை இணைத்துவிடலாம். அங்கே போனதும் அது பெரும்பாலும் தானாகவே இணைந்துகொள்ளும். படம் அனுப்புவதற்கான குறியீட்டைக் குடும்பத்தாரைத் தவிர யாருக்கும் தராதீர்கள்.

பேரக்குழந்தைகளின் படங்களோடு நிறுத்திவிடாமல், பெற்றோரின் இளமைக்காலப் படங்களையும் சேருங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கவனமாக வெளியே எடுத்து, நேர் வெயில் படாத ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து படம் பிடியுங்கள். சில படங்களின் பின்புறத்தில் தேதியும் பெயர்களும் மையால் எழுதப்பட்டிருக்கும்; அந்தப் பக்கத்தையும் தனியே எடுத்து, அந்தப் படத்துக்கு அடுத்தபடியாக வரும்படி சேர்த்து, படங்களை வரிசை மாற்றிக் காட்டும் அமைப்பை நிறுத்திவிடுங்கள்.