லாரி ஆபீஸில் பார்சல் உடைந்தோ குறைந்தோ வந்தால்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் வரவழைத்தேன். லாரி ஆபீஸில் போய்ப் பார்த்தபோது பெட்டியில் அடித்திருந்த மரச்சட்டம் ஒரு பக்கம் பிளந்து, உள்ளே இருந்து தெர்மாகோல் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. "வெளிச்சட்டம்தான்க்கா, உள்ள ஒண்ணும் ஆகியிருக்காது, கையெழுத்துப் போடுங்க" என்றார் அங்கிருந்த தம்பி. போட்டுவிட்டேன். வீட்டில் பிரித்தால் உருளைக்கல்லில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். திரும்பிப் போனதும் என் கையெழுத்தை எடுத்து நீட்டினார்கள். அதற்கு மேலே பொடி எழுத்தில் 'சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று அச்சாகியிருந்தது. 24,000 ரூபாய் பொருள் அது. அப்புறம் விசாரித்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பார்சல் கிளம்பும் முன்பே

அனுப்புகிறவரிடம் எல்.ஆர். (புக்கிங் போட்டதும் லாரி ஆபீஸில் தரும் ரசீது) படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள். எத்தனை உருப்படி, சரக்கின் மதிப்பு எவ்வளவு, யார் ரிஸ்க் (வழியில் சேதமானால் யார் பொறுப்பு) என்ற மூன்றையும் அதில் பாருங்கள். மதிப்பு எழுதும் இடத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும் சொல்வது இதுதான்: கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாத சரக்குக்கு, லாரி வாடகையைப் போல 10 மடங்கு வரைதான் இழப்பீடு. அதுவும் எழுதிய மதிப்பைத் தாண்டாது. வாடகை 1,200 என்றால் 12,000 ரூபாயோடு முடிந்துவிடும். என் கிரைண்டரில் பாதி! விலை உயர்ந்த பொருளானால் அந்தக் கூடுதல் கட்டணத்தைக் கட்டச் சொல்லுங்கள், அல்லது டிரான்சிட் இன்சூரன்ஸ் போடச் சொல்லுங்கள்.

எடுக்கப் போகும்போது

இதுதான் முக்கியமான கட்டம். அவசரப்படுத்துவார்கள், பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். பரவாயில்லை, நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் உருப்படிகளை எண்ணுங்கள். பிறகு சரக்கு அவர்கள் குடோன் தரையில் இருக்கும்போதே போட்டோ எடுங்கள். நான்கு பக்கம், மேல், முடிந்தால் அடிப்பக்கம். எல்.ஆர். எண் எழுதிய ஒட்டுத்தாளும் சேதமும் ஒரே படத்தில் வரவேண்டும். லோடுமேன் அண்ணன்கள் குட்டியானையில் ஏற்றிவிட்டால், 'உங்கள் வண்டியில் உடைந்தது' என்ற பேச்சு வந்துவிடும்.

பெட்டி நசுங்கி, ஈரமாகி, பிளந்து இருந்தால் 'ஓப்பன் டெலிவரி வேண்டும்' என்று கேளுங்கள். அவர்கள் ஆள் பார்க்க அங்கேயே பிரிப்பது. மறுத்தாலும் கவலையில்லை. கையெழுத்துப் போடும் தாளிலேயே, அவர்கள் காப்பியிலும் உங்கள் காப்பியிலும், பேனாவால் எழுதிவிடுங்கள்:

'2 உருப்படியில் 1 மட்டும் வந்தது. பெட்டியின் இடப்பக்கச் சட்டம் உடைந்துள்ளது. உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை. சேதத்துக்கு உட்பட்டுப் பெறுகிறேன்.'

கீழே தேதி, நேரம், கையெழுத்து. போன ஐப்பசியில் மாவு டிரம் ஒன்று நசுங்கி வந்தபோது இதே மாதிரி எழுதினேன். அதை வாசித்ததும் மேனேஜரே எழுந்து வந்து டிரம்மைத் தடவிப் பார்த்தார். மூன்று வாரத்தில் பணம் வந்தது.

எழுதவே விடவில்லை என்றால் அங்கே நின்றபடியே போட்டோக்களோடு அவர்கள் மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் விஷயத்தை அனுப்பிவிடுங்கள். வாங்காமல் விட்டுவிட்டு வருவதை நான் சொல்லமாட்டேன். டெமரேஜ் (எடுக்காமல் கிடக்கும் சரக்குக்கான கட்டணம்) ஏறும், சேதமும் கூடும். டோர் டெலிவரிக்கும் இதே முறைதான்.

உருப்படி குறைந்தால்

'ஷார்ட் சர்டிபிகேட்', அதாவது இத்தனை உருப்படி குறைகிறது என்று அவர்களே எழுதித் தரும் தாள், கேட்டு வாங்குங்கள். கடலூரில் இறங்கவேண்டியது புதுச்சேரியிலோ விழுப்புரத்திலோ இறங்கிக் கிடக்கலாம். மற்ற கிளைகளில் தேடச் சொல்லுங்கள். ஆனால் 'தேடுறோம்' என்ற வார்த்தையை நம்பி நாட்களைக் கடத்தாதீர்கள்.

நோட்டீஸ்

லாரிக் கம்பெனி மேல் வழக்குப் போக, அதற்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் போயிருக்கவேண்டும். அதற்குக் கெடு 180 நாள். கணக்கு புக்கிங் போட்ட தேதியிலிருந்து ஓடுகிறது, உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. ஒரு பக்கம் போதும்: எல்.ஆர். எண், தேதி, எங்கிருந்து எங்கே, என்ன உடைந்தது அல்லது குறைந்தது, எத்தனை ரூபாய், எத்தனை நாளில் வேண்டும். பில், எல்.ஆர்., போட்டோ நகல்களை இணைத்துக் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். விற்ற கடைக்கும் ஒரு நகல் போகட்டும். சரியாகப் பேக் செய்யாததும் காரணமாக இருக்கலாம்.

'மழைங்க, நாங்க என்ன பண்றது' என்பார்கள். இயற்கைச் சீற்றம் சட்டத்தில் விதிவிலக்குதான். 2011-இல் தானே புயல், 2024-இல் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்த கடலூர்க்காரர்களுக்கு அது புரியும். ஆனால் கவனமாக இருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் அந்த விலக்கு அவர்களுக்குக் கிடையாது. கிழிந்த தார்ப்பாயில் ஒழுகியது புயல் கணக்கில் வராது. அவர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று நிரூபிக்கும் வேலையும் உங்களுடையது இல்லை.

பதில் வராவிட்டால்

1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போகவேண்டும். நீங்கள் கொடுத்த கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. எல்.ஆர். பின்பக்கத்தில் 'கோயம்புத்தூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று இருந்தாலும் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். 'வியாபாரத்துக்கு வாங்கினீங்க, நீங்க நுகர்வோரே இல்ல' என்று என்னிடம் சொன்னார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கினால் அவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தில் இருக்கிறது.

பணம் கைக்கு வரும்வரை உடைந்த பொருளையும் பெட்டி, சட்டம், தெர்மாகோலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தால் முதலில் கேட்பது அவற்றைத்தான்.