டெபியன் சர்வரை ஆர்ம் 64-க்கு மாற்றுவது எப்படி

இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸரில் ஓடும் சர்வரை ஆர்ம் என்ற வேறு வகை ப்ராசஸருக்கு மாற்ற நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, லினக்ஸ் ஒழுங்காக ஓடுமா என்பதுதான். ஓடும். டெபியன் என்ற லினக்ஸ், 2015-ல் வந்த 8-ம் பதிப்பிலிருந்தே ஆர்ம் 64-க்கு (64-பிட் ஆர்முக்கு) அதிகாரபூர்வமாக வருகிறது, ரெப்பாசிட்டரியில், அதாவது டெபியனின் சொந்தக் களஞ்சியத்தில், இருக்கும் பேக்கேஜ்களில் மிகப் பெரும்பாலானவை அதற்கும் கிடைக்கின்றன. மாட்டிக்கொள்வது ரெப்பாசிட்டரிக்கு வெளியே இருந்து நீங்கள் கொண்டுவந்து போட்ட பைனரிகளில்தான் (ஏற்கெனவே கம்பைல் செய்த ப்ரோக்ராம்களில்தான்), அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

பழைய சர்வரில் ஏபிடி-மார்க் ஷோமேனுவல் என்று கொடுத்தால் கையால் இன்ஸ்டால் செய்த பேக்கேஜ்களின் பட்டியல் வரும். அது போதாது. ஓபிடி, யூஎஸ்ஆர் லோக்கல் டைரக்டரிகளுக்குள் போய், அங்கே கிடக்கும் ஒவ்வொன்றையும் ஃபைல் கமாண்டால் பாருங்கள்; எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டி வகை) என்று சொல்பவை எல்லாவற்றுக்கும் ஆர்ம் பில்ட் இருக்கிறதா, இல்லை சோர்ஸாவது கிடைக்குமா என்று தேடி எழுதி வையுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டேன். எல்லாம் மாற்றி முடித்த இரவில் பேக்கப் ஏஜென்ட் மட்டும் "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" என்று நின்றது, அதற்கு ஆர்ம் பில்டே கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது.

டாக்கர் கன்டெய்னரில் ஓடும் ப்ரோக்ராம் என்றால் டாக்கர் பில்ட்எக்ஸ் இமேஜ்டூல்ஸ் இன்ஸ்பெக்ட் போட்டு அந்த இமேஜ் எந்தெந்த ஆர்க்கிடெக்சருக்கு (ப்ராசஸர் வகைக்கு) இருக்கிறது என்று பாருங்கள். கோ மொழியில் எழுதிய ப்ரோக்ராம்களைப் பெரும்பாலும் ஒரு என்விரான்மென்ட் வேரியபிளை மாற்றி பில்ட் செய்துவிடலாம். பைத்தானில், சி கோட் உள்ள பேக்கேஜுக்கு ஆர்ம் வீல் (தயாராக பில்ட் செய்த பேக்கேஜ்) இல்லையென்றால், இன்ஸ்டால் செய்யும் பிப் அங்கேயே கம்பைல் செய்யப் பார்க்கும், கம்பைலரும் ஹெடர் ஃபைல்களும் தயாராக இருக்கட்டும்.

சொந்தமாக எழுதிய சி கோட் இருந்தால் அதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். கேர் டைப் எக்ஸ்86 லினக்ஸில் சைன்டு (மைனஸ் மதிப்பும் வைக்கும்), ஆர்ம் லினக்ஸில் அன்சைன்டு (வைக்காது). கெட்கேர் தரும் மதிப்பை கேர் வேரியபிளில் வாங்கி இன்புட் முடிந்ததைக் காட்டும் மைனஸ் மதிப்பான இஓஎஃப்-உடன் ஒப்பிடும் பழைய லூப் ஆர்மில் முடியவே முடியாது, ஓடிக்கொண்டே இருக்கும். சரியான வழி அந்த வேரியபிளை இன்ட் ஆக்குவது. அப்புறம் த்ரெட்கள். மெமரியில் எழுதும் வரிசையை எக்ஸ்86 கண்டிப்பாகக் காப்பாற்றும், ஆர்ம் அந்த அளவுக்குக் காப்பாற்றாது, எனவே லாக் இல்லாமல் பல வருடம் பிழைத்த கோட் இங்கே எப்போதாவது ஒருமுறை மட்டும் தப்பாகும். வேறு ப்ராசஸர் போல நடிக்கும் எமுலேட்டரான கியூஎம்யூவில் ஓட்டிப் பார்த்து இதைப் பிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். ப்ரோக்ராம் தொடங்குகிறதா என்று பார்க்க மட்டும்தான் அது. மற்றதற்கு நிஜ ஆர்ம் மெஷின் ஒன்றை நாலு நாள் வாடகைக்கு எடுங்கள்.

பெயர்க் குழப்பமும் உண்டு. ப்ராசஸர் வகையைக் கேட்டால் யூநேம் கமாண்ட் ஏஆர்ச்64 என்கிறது, டெபியனின் பேக்கேஜ் கருவி டிபிகேஜி ஆர்ம் 64 என்கிறது. இரண்டும் ஒன்றே. உங்கள் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் ஒன்றை மட்டும் எதிர்பார்த்தால் திருத்திவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருந்தால் அதன் டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி செய்யாதீர்கள். பிஜிடம்ப் எடுத்துப் புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்யுங்கள், நேரம் ஆனாலும் பரவாயில்லை.

ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு ப்ராசஸர் வகை பற்றியும் கேட்பீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் அதுவும் அதிகாரபூர்வமாகச் சேர்ந்துவிட்டது, ஐஐடி மெட்ராஸில் சக்தி ப்ராசஸர்களை வடிவமைப்பதும் இதே ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில்தான் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனாலும் இன்றைக்கு அதை பில்ட், டெஸ்ட் மெஷினாக வையுங்கள், வாடிக்கையாளர் டேட்டாவை அதில் வைக்கச் சொல்ல மாட்டேன்.

மாற்றும் நாளுக்கு முந்தைய நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை (உங்கள் சர்வரின் பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 5 நிமிடமாகக் குறைத்து வையுங்கள். மாற்றிய பிறகும் பழைய சர்வரை ஒரு வாரமாவது விட்டுவையுங்கள், மாதம் ஒருமுறை மட்டும் தானாக ஓடும் கிரான் வேலைகளை அந்த வாரத்துக்குள் புதிய சர்வரில் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பழையதை அணையுங்கள்.